காது முளைத்த நாய்

கருத்தப்பாண்டி அந்தப் படத்தை மேலும் கீழுமாக இரண்டு முறை பார்த்துவிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னான்.

"அக்கா, இந்தச் சாமிக்கு வேட்டி கட்டத் தெரியலை. தொடையைக் காட்டிக்கிட்டு நிக்காரு."

"ஏலே, கோயில்ல வச்சு வாயை அடக்கு" என்றார் ஜெயபாய்.

வாயை அடக்கத் தெரிந்திருந்தால் கருத்தப்பாண்டி இன்றும் பஸ் கண்டக்டராகவே இருந்திருப்பான். செக்கிங் இன்ஸ்பெக்டரிடமே டிக்கெட் கேட்ட நாளில் அந்த உத்தியோகம் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவன் ஜெயபாயின் துப்பறியும் நிலையத்தில் சேர்ந்தான். ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இயங்கிய அந்த நிலையத்தில் மொத்தம் இரண்டே பேர். ஜெயபாய் பதினாறு வருடம் தாலுகா ஆபீஸில் மனுக்களைத் தட்டச்சு செய்தவர். பொய் எழுதுகிறவன் எந்த வரியில் கை நடுங்குவான் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டதாக அவரே சொல்வார். அவர் போகிற சர்ச்சில் வெறும் சிலுவை மட்டும்தான் உண்டு. படமும் சுரூபம் என்கிற சிலையும் அவருக்குப் புதிது. கருத்தப்பாண்டிக்கோ, சாமி என்று இருந்தால் வாகனம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். ஆகவே இந்தச் சாமியின் காலடியில் நின்ற வெள்ளை நாயைக் கண்டதும் பைரவருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று முடிவு கட்டிவிட்டான்.

"தொடையில தெரியிறது காயம் தம்பி. கொள்ளைநோய்ப் புண்ணு" என்றார் பக்கத்தில் நின்ற தவசிமுத்து. அவர்தான் ஆரோக்கியநாதர் கோயிலின் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, பூசைக்கு மைக் கட்டுவது, சாவிக் கொத்தைக் காப்பது என்று இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோயிலே அவர் கையில்தான் இருந்தது. "ஆரோக்கியநாதரு பிரான்சு தேசத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை. சொத்தை எல்லாம் ஏழைகளுக்குக் குடுத்துட்டு, கொள்ளைநோய் வந்த ஊருக்கெல்லாம் போயி நோயாளிகளைக் கவனிச்சாரு. அவருக்கே நோய் தொத்துனதும் அந்த ஊர்க்காரனுவ காட்டுக்கு வெரட்டிட்டானுவ."

"நல்ல மரியாதை."

"காட்டுல இந்த நாய்தான் தினம் ரொட்டி கவ்விக் கொண்டாந்து குடுத்து, புண்ணை நக்கி ஆத்துச்சு. எந்திரிச்சுச் சொந்த ஊருக்குப் போனா, அங்க அவரு மாமாதான் கவர்னரு. அடையாளம் தெரியாம உளவாளின்னு ஜெயில்ல போட்டாரு. அஞ்சு வருசம். நான்தான் ஒங்க மருமகன்னு இவரு ஒரு வார்த்தை சொல்லலை. செத்த பொறவு நெஞ்சுல கெடந்த சிலுவை மச்சத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாவ."

"சொந்தக்காரன் கண்டுபிடிக்கணும்னா செத்துத்தான் காட்டணும் போல" என்றான் கருத்தப்பாண்டி.

"இவியளும் அதே மாதிரிதான் வாயைத் தொறக்க மாட்டேங்காவ!" என்று தவசிமுத்துவின் மனைவி பரிபூரணம் வெடித்தாள். துப்பறியும் நிலையத்தின் மாடிப்படி ஏறி வந்து வழக்கை ஒப்படைத்தவள் அவள்தான். "அவரு புனிதரு, ஜெயில்ல கெடந்தாரு. இவியளுக்கு எதுக்கு அந்த வேலை? எங்களுக்கு ரொட்டி கொண்டாற ஒரு நாய்கூடக் கெடையாது."

வழக்கு இதுதான். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சு சாமியார் கப்பலில் கொண்டுவந்தது என்று ஊரே பெருமை பேசிய படம் அது. மூன்று வாரத்துக்கு முன்பு, கோயில் கமிட்டித் தலைவரும் பேண்டேஜ் துணி மில்லின் முதலாளியுமான ஐயாதுரை, திருவிழாவுக்காகப் படத்துக்குக் கண்ணாடி போடச் சொன்னார். தவசிமுத்து அதை ஸ்ரீவில்லிபுத்தூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்து, மூன்றாம் நாள் வாங்கி வந்தார். சட்டத்தின் அடியில் 'உபயம்: ஐயாதுரை' என்று பொன்னெழுத்து மின்னியது, மேலே புனிதரின் பெயர் அதில் பாதி அளவுதான். போன புதன்கிழமை மதுரையிலிருந்து வந்த, ஓவியம் தெரிந்த சாமியார் ஒருவர் படத்தின் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்து, "இந்தப் படத்துக்கு வயது ஒரு மாதம்கூட இராதே!" என்று சொல்லிவிட்டார். பழைய படம் எங்கே? அதைக் கோயிலைவிட்டு வெளியே கொண்டுபோனவர் தவசிமுத்து ஒருவரே. கமிட்டி கூடியது, ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவரைத் திருடர் என்று அறிவித்து, சாவியைப் பிடுங்கிப் போலீசில் ஒப்படைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. இன்று வெள்ளிக்கிழமை.

வாசலில் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. ஐயாதுரை இறங்கி, பக்கவாசல் வழியாக உள்ளே வந்தார். முன்வரிசையில் அவருக்கென்று ஒரு மெத்தை நாற்காலி உண்டு. மக்கள் கூட்டத்துக்கு அவர் முதுகை மட்டுமே காட்டிப் பழகியவர்.

"இது யாரு, துப்பறியிற பொம்பளையா? தவசிமுத்து, திருடினதைத் திருப்பிக் குடுத்துட்டா நான் சாமியார்கிட்ட நல்ல வார்த்தை சொல்லுதேன்."

தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"முதலாளி, நீங்க சொன்ன நல்ல வார்த்தையிலதான அவரு இங்க நிக்காரு" என்றான் கருத்தப்பாண்டி.

"இவன் யாரு?"

"என்னோட அசிஸ்டென்ட். சம்பளம் கம்மி, அதனால பேச்சு சாஸ்தி" என்றார் ஜெயபாய்.

முதலாளி கழுத்தை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு வெளியேறினார். அவர் கார் கிளம்பிய புழுதி அடங்கும் முன்பே, தளவாய்புரத்து முத்தாத்தாள் முந்தானையில் உப்பும் மிளகும் முடிந்துகொண்டு வந்தாள். மில்லில் நூல் சுற்றுகிறவள், நெற்றியில் திருநீறு. உப்பு மிளகைத் தட்டில் கொட்டிவிட்டு, படத்துக்கு நேராகப் போய்க் குனிந்து கையை நீட்டினாள். கண்ணாடியில் விரல் முட்டியது. "சே!" என்று சலித்துக்கொண்டாள்.

ஜெயபாய் கேட்டார்: "ஆச்சி, எதைத் தொடப் போனீக?"

"நாயைத்தான். அதும் காதுலதான நாங்க சொல்லுவோம்."

"சாமிகிட்டச் சொல்ல மாட்டீகளா?"

"அவரு பெரிய வீட்டுப் பிள்ளையாம்லா? நேருக்கு நேரா கேக்கக் கூச்சமா இருக்கும். சிவன் கோயில்ல நந்தி காதுல சொல்ல மாட்டோமா, அது மாதிரி நாய் காதுல சொன்னா அது போயி அவருகிட்டச் சொல்லும். சொல்லிச் சொல்லி, தடவித் தடவி, அதுக்கு ஒரு காதே தேஞ்சு போச்சு. ஒத்தக் காதுதான் ரொம்ப வருசமா."

கருத்தப்பாண்டி படத்தைப் பார்த்தான். நாய்க்கு இரண்டு காதும் விறைத்து நின்றன.

"கண்ணாடி போட்டு வந்த அன்னைக்கு முளைச்சிருந்துச்சு. சாமி செஞ்ச புதுமைன்னு எல்லாரும் அழுதாவ" என்றாள் முத்தாத்தாள்.

அதுதான் நடந்தது. புண்ணை ஆற்றுகிற புனிதர் தம் நாயின் காதையும் ஆற்றிவிட்டார் என்று நாற்பது பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். ஒரு ஜெபக்கூட்டத்தில் அதற்குப் பாட்டே கட்டிவிட்டார்கள். மதுரைச் சாமியார் முகர்ந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, அந்த நாற்பது பேரும் தாங்கள் காதைக் கவனித்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"நானும் புதுமைன்னு நினைச்சு முழங்கால் போட்டேன்மா" என்றார் தவசிமுத்து, கேட்டும் கேட்காத குரலில். "சனிக்கிழமை தோறும் அந்த நாய்த் தலையில கைப்பிசுக்கைத் தொடைக்கிறவன் நான். எனக்கே தோணலை."

ஜெயபாய் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் படத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தார். புனிதரின் வலது கால் பெருவிரலில் சாயம் தேய்ந்து பலகை தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்த கோடுகள்கூட வரிசை குலையாமல் இருந்தன.

"கால்விரலை யாராவது தொடுவாவளா?"

"ஒருத்தரும் தொட மாட்டாவளே!" என்றாள் முத்தாத்தாள்.

கோயில் வாசலுக்கு வந்ததும் ஜெயபாய் சொன்னார்: "பாண்டி, பழசு மாதிரி தெரியணும்னு ஒருத்தன் தேய்க்கச் சொல்லியிருக்கான். ஆனா சனங்க கை எங்க படும்னு அவனுக்குத் தெரியலை. தவசிமுத்து செஞ்சிருந்தா முதல்ல நாய்க்காதைத்தான் தேச்சிருப்பாரு. இந்தக் கோயிலுக்கு வருசக்கணக்கா வந்தும், ஒருநாள்கூட வரிசையில நிக்காத ஆளு ஒருத்தரு இருக்காரு."

"மெத்தை நாற்காலி" என்றான் கருத்தப்பாண்டி.

"சொல்லாத. முதல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடி."

*

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியை ஒட்டிய சந்தில் இருந்தது தங்கச்சாமியின் சட்டக் கடை. ஆண்டாளும், முருகனும், மாதாவும், மாலை போட்ட இரண்டு மாமனார்களும் ஒரே சுவரில் ஒருவரோடொருவர் பிணக்கின்றித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சாமி ஒரு லட்சுமியின் கைவளையலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார்.

"கோயில் படமா? கண்ணாடி போட்டேன். சட்டம் அடிச்சேன். அம்புட்டுத்தான்" என்றார், தலையைத் தூக்காமல்.

ஜெயபாய் வாதாடவில்லை. கருத்தப்பாண்டியைப் பார்த்து, வந்த வேலை முடிந்தது போலப் பெருமூச்சு விட்டார்.

"படம் என்னமோ நல்லாத்தான் இருக்கு. அந்த நாயை மட்டும் எவனோ பன்னிக்குட்டி மாதிரி வரைஞ்சிருக்கான்."

கருத்தப்பாண்டிக்கு இந்த மாதிரிச் சைகைகள் மேலே விளக்கம் வேண்டாதவை. "ஆமாக்கா. காது ரெண்டும் கத்திரிக்காயை நறுக்கி ஒட்டுன மாதிரி."

தூரிகை கீழே விழுந்தது.

"எவன் சொன்னான் கத்திரிக்காய்னு? எதுத்த வீட்டுக் கருத்தையாவோட நாயைக் கொண்டாந்து இந்தத் தூண்ல கட்டிப்போட்டு, ரெண்டு நாள் பாத்துப் பாத்து எழுதுன காது அது! சுத்தமான ராஜபாளையத்து நாயி. ரோஸ் மூக்கைப் பாத்தீகளா? பழசுல இருக்கிற மாதிரி ஒரு காதோட விட்டுரச் சொன்னாவ. நாயிக்கு ஒரு காதை மட்டும் எழுதுறதுக்கு நான் என்ன..."

அவர் அங்கே நின்றார். நின்ற இடம் தப்பான இடம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"ஆகப் படம் நீங்க எழுதுனதுதான்" என்றார் ஜெயபாய் கனிவாக. "காதை விட்டுரச் சொன்னது யாரு?"

தங்கச்சாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஐயாதுரை முதலாளிதான். பழசு அரிச்சுப் போச்சு, புதுசு ஒண்ணு எழுதிக் கோயிலுக்குக் குடு, பழசு மில்லுல பத்திரமா இருக்கட்டும், சாமியாருக்குத் தெரியும்னாரு. நாயை எழுதுனவனே ஒத்தக் காதோட விட்டுட்டான்னு நெனச்சாரு போல; புதுசு பழசாட்டம் தெரியணும், பெருவிரலைத் தேச்சுவிடுன்னாரு. கோயில்பிள்ளை புதுசை வாங்கிட்டுப் போனாரு. மறுநாள் முதலாளியோட டிரைவர் மாரிச்சாமி வந்து, ஒத்தக் காதுப் படத்தை வாங்கிட்டுப் போனாரு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு தூரிகையை அவர் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தவசிமுத்துவைத் திருடன்னு சொல்லப் போறாவ. ஞாயித்துக்கிழமை வந்து இதைச் சொல்லுவீகளா?"

"நான் வேலைக்காரன்மா. முதலாளிமாரு சங்காத்தம் எனக்கு வேண்டாம்."

ஜெயபாய் எழுந்து செருப்பை மாட்டினார். வாசல்வரை போன பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அன்னைக்குப் படத்தை வாங்கிட்டுப் போகும்போது, வெயில் படக்கூடாதுன்னு அந்த மனுசன் தோள்ல கெடந்த துண்டை எடுத்துப் போத்தி, பிள்ளை மாதிரி மடியில வச்சுக்கிட்டுப் போனாரு. புதுசுன்னு தெரியாம." தங்கச்சாமி தூரிகையைக் கீழே வைத்தார். "வாரேன்."

ஒரு காட்டில் கோழி காணாமல் போனதாம். விசாரிக்க நரியே சபை கூட்டி, நரியே தலைமை தாங்கி, கூண்டின் கதவுதான் குற்றவாளி என்று தீர்மானம் போட்டதாம். தீர்மானத்தை வாசிக்கும்போது அதன் மீசையில் ஒரு இறகு ஆடிக்கொண்டிருந்ததாம். திரும்பிவரும் பஸ்ஸில் ஜெயபாய் சொன்ன இந்தக் கதையைக் கேட்ட கருத்தப்பாண்டி, "அந்த நரிக்கும் மெத்தை நாற்காலி உண்டாக்கா?" என்று கேட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாப் பூசையில் கால் வைக்க இடம் இல்லை. ஜெயபாய் முன்கூட்டியே எல்லாவற்றையும் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருந்தார். சாமியாரும் படத்தின் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். பூசை முடிந்தது. ஐயாதுரை காகிதத்தோடு மைக்குக்கு முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். பெண்கள் பக்கத்தில் பரிபூரணம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவசிமுத்து, பூசை உடுப்பும் பாத்திரமும் வைக்கும் சக்கிறீஸ்து அறை வாசலில், சாவிக் கொத்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"செத்த நேரம், அண்ணாச்சி" என்று ஜெயபாய் எழுந்தார். "வாசிக்கும் முன்னால ஒரு சந்தேகம். நான் உங்க கோயிலுக்குப் புதுசு. இந்தப் படத்தை எப்படிக் கும்பிடணும்? சின்ன வயசுலேருந்து கும்பிடுதவரு நீங்க. கொஞ்சம் காட்டுங்களேன்."

ஐயாதுரை மகிழ்ந்துபோனார். கம்பீரமாக நடந்துபோய், ஆரோக்கியநாதரின் கால் பெருவிரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது ஆண்கள் பக்கத்துக்கும் தாவியது.

"முதலாளி, நாயி என்ன பாவம் செஞ்சுச்சு?" என்று முத்தாத்தாள் கத்தினாள்.

அவர் விழித்தார். ஜெயபாய் விளக்கினார்: தேயாத காது, தேய்த்த விரல், படம் எங்கே தேயும் என்று தெரியாத ஒரே மனிதர். தங்கச்சாமி கூட்டத்தின் கடைசியிலிருந்து எழுந்து, "ஆமாம், முதலாளி சொல்லித்தான் எழுதினேன்" என்றார்.

ஐயாதுரை சளைக்கவில்லை. "எடுத்தேன். யாருக்காக? ஜெர்மன்காரன் ஒருத்தன் மில்லைப் பாக்க வந்தான். படத்தைப் பாத்து மயங்கிட்டான். அன்பளிப்பாக் குடுத்தா பேண்டேஜ் துணிக்குப் பெரிய ஆர்டரு. எல்லாரும் பொழைக்கலாம்னு..."

"எல்லாத்தையும் ஏழைகளுக்குக் குடுத்தவரையே தூக்கிக் குடுத்திட்டீகளே" என்றான் கருத்தப்பாண்டி.

பரிபூரணம் எழுந்து நின்றாள். "எங்க வீட்டு மனுசரைத் திருடன்னு சொன்னது எந்த ஆர்டருக்கு முதலாளி?"

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "படம் பத்திரமா இருக்கு. ஏலே மாரிச்சாமி, மில்லுக்குப் போயி அதை எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

கால் மணி நேரத்தில் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகவேண்டிய துணிப் பொதிக்குள்ளிருந்து எடுத்த படம். பேண்டேஜ் துணியாலேயே சுற்றியிருந்தது. சாமியார் துணியை உருவினார். புனிதர் வெளிப்பட்டார், புண் வெளிப்பட்டது. நாயின் தலைக்கு வந்ததும் துணி நின்றுவிட்டது. யாரோ நாய்க்குக் கட்டுப் போட்டது போல ஒட்டிக்கொண்டிருந்தது. முத்தாத்தாள் பொறுமை இழந்து முன்னே வந்து ஒரு இழுப்பு இழுத்தாள். துணியோடு நாயின் நெற்றியும் பிய்ந்து வந்தது. அவள் விரலெல்லாம் வெள்ளைப் பெயிண்டு.

"சாமி, இதுவும் காயாத பெயிண்டு!"

ஐயாதுரையின் வாய் திறந்தபடியே நின்றது. ஜெயபாயும் ஒரு கணம் திகைத்துப்போனார். தன் எஜமானி திகைத்துக் கருத்தப்பாண்டி பார்த்த முதல் தடவை அதுதான்.

"ரெண்டு எழுதுனேன்" என்றார் தங்கச்சாமி. அவர் காலடியில் ஒரு சாக்குப்பை இருந்தது. அதை அவிழ்த்தார். மங்கிய பலகை, ஒற்றைக் காது, நாற்பது ஐம்பது வருடத்துக் கைப்பிசுக்கு. "இது கோயில்ல இருக்கிறவரைக்கும் நான் ஆசைப்படலை. மில்லுக்குப் போகுதுன்னதும்தான் மனசு கேக்கலை. டிரைவர்கிட்ட ஒத்தக் காதுல இன்னொண்ணு எழுதிக் குடுத்துட்டேன். போலீசுல சொல்லணும்னா சொல்லுங்க." பலகையைத் திருப்பிக் காட்டினார். மூலையில், கூட்டத்துக்குத் தெரியாத அளவு சிறிய எழுத்தில், 'இருளப்பசாமி, ஸ்ரீவில்லிபுத்தூர், 1934' என்று இருந்தது. "எங்க அப்பா எழுதுன படம். பிரான்சு தேசத்துல ஏது சாமி ராஜபாளையத்து நாயி?"

அரை நூற்றாண்டாக ஊர் கட்டிக் காத்த பிரெஞ்சுக் கப்பல் அந்த ஒரு வாக்கியத்தில் கவிழ்ந்து மூழ்கியது.

முதலில் கரை சேர்ந்தவர் ஐயாதுரைதான். "அப்ப இது பிரான்சுப் படமே இல்லையா? வெறும் உள்ளூர்ப் படமா? பெறுமானமே இல்லாததுக்குத் திருட்டு ஏது? அறிவிப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் அசனம் சாப்பிடப் போங்க!"

"படத்துக்குப் பெறுமானம் இல்லைன்னே வச்சுக்குவோம்" என்றார் பங்குச் சாமியார். அதுவரை வாயே திறக்காத மனிதர் அவர். "ஒரு மனுசர் பேரை எடுத்தீங்களே, அதைத் திருப்பி வைக்கணும்ல? அறிவிப்புன்னு சொல்லிட்டு மைக்குல நின்னீங்க. அறிவிப்பு நடக்கட்டும்."

சாமியார் முதலாளியின் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, பின்பக்கத்தில் நான்கு வரி எழுதி, அவரிடமே நீட்டினார்.

ஐயாதுரை காகிதத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பக்கவாசலையும் பார்த்தார், அங்கே கருத்தப்பாண்டி கதவில் சாய்ந்துகொண்டு நகம் கடித்துக்கொண்டிருந்தான். வேறு வழியின்றி வாசித்தார்.

"நமது கோயில்பிள்ளை தவசிமுத்து குற்றமற்றவர். அவர்மீது வீண்பழி சுமத்திய நான்..."

அது கொசுவின் பாட்டைவிடச் சன்னமாக இருந்தது.

"கேக்கலை!" என்று பின்னாலிருந்து ஒருவர்.

மறுபடி வாசித்தார், மைக்கிலிருந்து முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு.

"வெளியில நிக்கவங்களுக்குக் கேக்கலை முதலாளி!"

அப்போதுதான் தவசிமுத்து அசைந்தார். பழி விழுந்த நாளிலிருந்து குனிந்தே இருந்த தலை நிமிர்ந்திருந்தது. நேரே நடந்துபோய், மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் குந்தினார். குமிழைத் தம் கையாலேயே கடைசிவரை திருகினார். கோபுரத்தின் மேலிருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளும் ஒருமுறை அலறி அடங்கின. தறிக்கூடத் தெருக்களில் ஆட்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"இப்ப வாசிங்க முதலாளி" என்றார் தவசிமுத்து.

ஐயாதுரை முதல் வரியிலிருந்து தொடங்கினார்.